பலகையில் எழுது, தோழா!

ஆடி பிறந்தால் போதும், தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்திற்கு விருந்தினர் கூட்டம் வரத் தொடங்கிவிடும். குற்றாலத்து அருவியிலே நீராடிய ஈரம் தலையிலே காயுமுன்னே, மலைக்கு அப்பாலிருந்து மலையாள நாட்டாரும், மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் நம்மவரும் கார்களிலே வந்து இறங்குவர். பொன்னை உருக்கி வார்த்தாற்போல் பரந்து கிடக்கும் சூரியகாந்தித் தோட்டங்களைக் கண்டு களிப்பர். பூவருகே நின்று படமெடுப்பர். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் நாயகி பிறந்த ஊர் இதுவன்றோ என்று பேசி மகிழ்வர். பொழுது சாய்ந்ததும் புறப்பட்டுப் போவர்.

அவர்கள் போனபின், சாலை ஓரத்திலே சிதறிக் கிடக்கும் காகிதத் தட்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் யார் பொறுப்பு? அவற்றை அள்ளும் தூய்மைப் பணியாளருக்குக் கூலி தருவது யார்? அந்தப் பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது? ஊரிலே பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! "கவர்மெண்டுதான்" என்பர் ஒன்பது பேர். பத்தாமவர், "நமக்கு ஏன் அந்த வம்பு?" என்பார்.

அவர்களை நான் குறை கூறமாட்டேன். வயலுக்குச் செல்பவன் விடியுமுன்னே சென்றுவிடுகிறான். தென்காசிக் கடைகளிலே வேலை பார்க்கும் பிள்ளைகள் முதல் பேருந்தைப் பிடிக்கிறார்கள். நமது மாவட்டத்திலே பீடி சுற்றும் தாய்மாருக்குத் தட்டை மடியிலிருந்து இறக்கினால் அன்றைய எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் அடுப்பிலே உலை குறையும். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்திலே உழைப்பவன் ஊரில் இல்லை. உழைப்பவன் வீடு திரும்பும் நேரத்திலே அலுவலகக் கதவு பூட்டியிருக்கிறது. ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையே நிற்பது பல நேரங்களிலே கோட்டைச் சுவரன்று, ஒரு கடிகாரம்!

ஒரு காட்சி சொல்கிறேன். நாடகக்காரனின் கற்பனைதான், ஆனால் நாள்தோறும் ஏதோவொரு பேரூரிலே நடந்துகொண்டிருக்கும் நாடகம்.

தெருமுனைத் தேநீர்க் கடை. கரைவேட்டி கட்டிய நம் தோழர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பீடித்தட்டை இடுப்பிலே இடுக்கியபடி ஓர் அம்மையார் வருகிறார்.

"அண்ணாச்சி, எங்க தெருவுல பத்து நாளா விளக்கு எரியலை. வயசுப் பிள்ளைக வேலை முடிஞ்சு இருட்டுலதான் வருதுக."

"அப்படியா அக்கா? நான் ஒரு வார்த்தை சொல்லிடுதேன். கவலைப்படாதீக."

"யார்ட்ட சொல்லணும் அண்ணாச்சி? நானே வேணும்னாலும் போய்ச் சொல்லுதேன்."

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது அக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

திரை விழுகிறது. மூன்றாம் நாள் விளக்கு எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அம்மையார் நன்றி சொல்கிறார். தோழர் மார்பு நிமிர்கிறது. இது தொண்டு அன்றோ என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆம், பாதித் தொண்டு. மறு பாதியிலே ஒரு களவு நடந்திருக்கிறது. "யார்ட்ட சொல்லணும்?" என்று கேட்டாளே ஒரு தாய், அந்தக் கேள்விக்குரிய விடையைத் தோழர் தம் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு போய்விட்டார்! அடுத்த முறை விளக்கு அணைந்தால் அவள் மீண்டும் அவரைத் தேடித்தான் வரவேண்டும். விளக்கு அவளுக்கு, விளக்கின் விசை அவருக்கு.

பூசாரியின் துணையின்றிக் கடவுளை அணுக முடியாதா என்று கேட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. அந்த இயக்கத்தின் தொண்டன், பேரூராட்சி அலுவலகத்தின் வாசலிலே தானே ஒரு பூசாரியாக அமரலாமா?

நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் மானூர் இருக்கிறது. அங்குள்ள கோயிலிலே, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. உத்தரமேரூர்க் குடவோலை பற்றிப் பாடநூல் பேசும். நம் பக்கத்து மானூரைப் பற்றி நம்மவருள் பலர் அறியார். ஊர்ச் சபையிலே யார் அமரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தக் கல் விதிக்கிறது. சபைக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என மறுத்துக் குழப்பம் விளைவிப்போருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் அது கூறுகிறது. சபை நடைமுறையை இவ்வளவு நுணுக்கமாக வகுத்தனர் நம் மண்ணிலே என்று பெருமைப்படலாம், தவறில்லை.

ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. அந்தச் சபையிலே அமர யாருக்குத் தகுதி? நிலப்பங்கு உடையவருக்கு; தருமநூலும் வேதமும் ஓதியவருக்கு. ஏர் பிடித்தவனுக்கு இடமில்லை. நாற்று நட்டவளுக்கு இடமில்லை. சேரியிலே பிறந்தவனுக்கு அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கவும் உரிமையில்லை. பின்னர் வெள்ளையன் காலத்திலே, 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தபோதும், வரி செலுத்துவோர் போன்ற வசதியுள்ளோர்க்கே வாக்கு. இன்று பதினெட்டு வயது நிரம்பிய எவர்க்கும் வாக்குண்டு. உறுப்பினர் இடங்களிலே சரிபாதி பெண்களுக்கு என 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு உண்டு.

கதவு திறந்துவிட்டது. எனினும் உள்ளே பேசப்படும் மொழி விளங்காவிட்டால், திறந்த கதவும் பூட்டிய கதவே. அன்று வேதம் அறிந்தவனுக்கே சபை. இன்று வரவுசெலவுத் திட்டமும் தீர்மான நகலும் படிக்கத் தெரிந்தவனுக்கே சபை என்றால், மாறியது மந்திரம் மட்டுமே!

எனவே அந்த மந்திரத்தை அவிழ்ப்போம்.

முதலாவது: சுந்தரபாண்டியபுரம் ஒரு பேரூராட்சி. சிற்றூராட்சிக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட அமைப்பு இது. 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் இருந்த பேரூராட்சிகள், 1994-இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வந்தன. 1998-இல் இயற்றப்பட்டு நெடுங்காலம் உறங்கிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலால், சிற்றூர்களிலே கூடும் கிராம சபை இங்கே இல்லை. "பக்கத்து ஊரிலே குடியரசு நாளன்று சபை கூடுகிறதே, நமக்கு ஏன் இல்லை?" என்று கேட்பவர்க்கு இதுவே விடை. அதற்கு ஈடாகத்தான் நகர்ப்புறங்களுக்கு வார்டுக் குழு, பகுதி சபை என்னும் ஏற்பாடு 2022-இல் விதிகளாக வடிவம் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் உள்ளாட்சி நாளாகக் கொண்டாடப்பட்டு, பகுதி சபைகள் கூட்டப்பட்டன. கிராம சபையை அறிந்த அளவு பகுதி சபையை மக்கள் அறியார். அறியாத உரிமை, இல்லாத உரிமைக்குத் தம்பி.

இரண்டாவது: யார் யார்? மக்கள் நேரே தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினரை. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் நாம் போட்ட வாக்கு அதற்கே. உறுப்பினர்கள் கூடித் தலைவரையும் துணைத் தலைவரையும் மார்ச்சு 4 அன்று தேர்ந்தனர். இவர்கள் மன்றம். அரசு நியமிப்பவர் செயல் அலுவலர்; நிருவாகம் அவர் கையில். 'இதைச் செய்க' எனத் தீர்மானிப்பது மன்றம். செய்து முடிக்கக் கடமைப்பட்டவர் அலுவலர். அவர்க்கு மேலே பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், அதற்கும் மேலே சென்னையிலே ஆணையர். கணக்கைப் பார்க்க உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. உறுப்பினர், 'ஆபீசர் செய்யவில்லை' என்பார்; அலுவலர், 'மன்றம் தீர்மானிக்கவில்லை' என்பார். தீர்மான எண்ணும் நாளும் உன் கையிலே இருக்குமானால், இவ்விருவரில் எவர் சொல்வது மெய் என்பது ஒரு நொடியிலே விளங்கிவிடும்.

மூன்றாவது: எதற்கு யார்? தெருவிளக்கு பேரூராட்சியின் பொறுப்பு. வீட்டிலே மின்சாரம் போனால் மின்வாரியம். ஊருக்குள் ஓடும் தெரு பேரூராட்சிக்கு. ஊரை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. குப்பையும் வாய்க்காலும் பேரூராட்சிக்கு; பட்டாவும் வருமானச் சான்றும் வருவாய்த் துறைக்கு. நியாயவிலைக் கடையிலே அரிசி குறைந்தால் வார்டு உறுப்பினரைத் திட்டுவதிலே பயனில்லை. இந்த ஒரு பட்டியலை அறியாததனால், வேலையை விட்டு, கூலியை இழந்து, வேறு வாசலிலே காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியோர் எத்தனை பேர்! அரைநாள் கூலி அவர்களுக்குச் சிறு தொகையன்று, தோழர்களே.

நான்காவது: பணம். இங்கேதான் இருள் அதிகம். சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், கடை வாடகை ஆகியவை ஊரின் சொந்த வருவாய். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வருவது ஒரு மானியம். ஒன்றிய நிதி ஆணையத்தின் வழி வருவது இன்னொரு மானியம். இவற்றோடு அவ்வப்போது அரசு வகுக்கும் திட்டங்களின் நிதி.

"குப்பை வண்டி வாங்கப் பணம் இருக்கிறதாம், எங்கள் தெருவுக்குச் சாலை போடப் பணம் இல்லையாம்! யாரை ஏமாற்றுகிறார்கள்?" என்று கொதிப்பவர் உண்டு. கொதிப்பு நியாயமானது, ஆனால் காரணம் வேறாகவும் இருக்கலாம். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை இத்தகைய ஊர்களுக்கு ஒதுக்கிய மானியத்திலே 60 விழுக்காடு, குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டிப்போட்டே அனுப்பப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டிலேதான் பிற தேவைகளுக்கு இடம். கட்டிய பணம் எவ்வளவு, கட்டாத பணம் எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவனை, "நிதி இல்லை" என்ற இரண்டு சொற்களால் திருப்பி அனுப்ப முடியாது.

சொத்துவரிக்கு வருவோம். 2022 ஏப்ரலிலே அது உயர்ந்தது. அறிவித்தது நமது ஆட்சியே, மறைப்பானேன்? குடியிருப்புகளிலே 600 சதுர அடிக்கு உட்பட்டவற்றுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு. சிறு வீட்டுக்காரனுக்குக் குறைவு, மாளிகைக்காரனுக்கு மிகுதி. ஆனால் தேநீர்க் கடையிலே பரவிய செய்தி என்ன? "எல்லா வீட்டுக்கும் வரி இரட்டிப்பு!" நான்கு எண்களைச் சொல்லியிருந்தால் அந்தப் பொய் அன்றே மாண்டிருக்கும். நம்மவர் பலர் சொல்லவில்லை; ஏனெனில், நம்மவர் பலர்க்கே தெரியவில்லை. உயர்வின் பின்னே இன்னொரு கதையும் இருந்தது. சொத்துவரிக்குக் குறைந்த அளவு விகிதத்தை மாநிலங்கள் அறிவித்தால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று அதே பதினைந்தாவது நிதி ஆணையம் நிபந்தனை விதித்திருந்தது. தில்லியிலே விதித்த நிபந்தனை, சென்னையிலே ஆணையாகி, பேரூராட்சியிலே கேட்பு அறிவிப்பாகி, குடிசைக் கதவைத் தட்டியது. வசவு வாங்கியவரோ வார்டு உறுப்பினர்!

இதைச் சொல்லித் தில்லியின் தலையிலே எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நான் நகரமாட்டேன். நாம் மாநில சுயாட்சி கேட்கும் இயக்கத்தினர். 1969-இலே கலைஞர் அரசு இராஜமன்னார் குழுவை அமைத்து, ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே உரிமை எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்று ஆராயச் செய்தது. 1971-இலே அறிக்கையும் வந்தது. "எங்கள் பணத்தை எங்களுக்குத் தாருங்கள், எப்படிச் செலவிடுவதென்று எங்களுக்குத் தெரியும்" என்று தில்லியைப் பார்த்து நாம் முழங்குகிறோம். நல்லது. அதே சொற்களைச் சுந்தரபாண்டியபுரம் சென்னையைப் பார்த்துச் சொன்னால்? தில்லியிடம் நாம் கேட்கும் நீதியைத் தெருவுக்குத் தர மறுத்தால், நம் முழக்கத்திலே பாதி காற்றாகிவிடும்.

2016 அக்டோபரிலே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. புதிய மன்றங்கள் பொறுப்பேற்றது 2022 மார்ச்சிலே. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் பேரூர்களும் நகரங்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி, தனி அலுவலர்களின் கையிலே கிடந்தன. சட்டமன்றம் ஐந்தாண்டு கூடாதிருந்தால் நாடு தாங்குமா? வீதியெங்கும் போராட்டம் வெடித்திருக்கும். பேரூராட்சி மன்றம் ஐந்தாண்டு இல்லாதபோது மக்கள் பொங்கி எழவில்லையே, ஏன்? இருந்தபோது அது என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆதலின் இல்லாதபோது இழந்தது என்ன என்றும் தெரியவில்லை. அறியாத பொருள் களவு போனால் யார் அழுவார்?

"மக்களுக்கு நேரம் ஏது? கேட்கத்தான் ஆர்வம் ஏது?" என்பார் சிலர். "எல்லாம் கைப்பேசியிலே, அரசின் இணையதளத்திலே இருக்கிறதே" என்பார் வேறு சிலர். இருக்கட்டும். கிணற்றிலே நீர் இருக்கிறது என்பது வேறு. தாகத்தால் வாடுபவன் கையிலே குவளை இருப்பது வேறு. ஆர்வமில்லை என்பதோ பொய். தன் தெருவின் வாய்க்காலைப் பற்றிப் பேசாத தாய் எவள்? ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரித்தால், கடைசிக் காசு வரை கணக்குக் கேட்பவர்கள் நம் மக்கள். பேரூராட்சிக்குக் கட்டுவதும் வரிதானே? அதற்குக் கணக்குக் கேட்கும் வழியை மட்டும் எவரும் காட்டவில்லை.

நமது இயக்கம் எப்படி வளர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மாளிகையிலா வளர்ந்தது? முடிதிருத்தும் நிலையத்திலே, தேநீர்க் கடையிலே, கீற்றுக் கொட்டகைப் படிப்பகத்திலே வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் ஏட்டை உரக்கப் படிப்பான். தெரியாத இருபது பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். கேட்டவர்களுக்குத்தான் நேரம் இருந்ததா? அவர்களும் பகலெல்லாம் உழைத்தவர்களே! செய்தி அவர்கள் இருக்கும் இடத்திற்கு, அவர்கள் ஓயும் நேரத்திற்கு வந்தது, ஆதலால் கேட்டார்கள். தந்தை பெரியார் நாடறிந்த தலைவராகுமுன் ஈரோட்டு நகரசபைத் தலைவராக இருந்து, குழாயிலே குடிநீர் வரச் செய்தவர். கழகம் சட்டமன்றக் கோட்டையை வெல்லுமுன், 1959-இலே சென்னை மாநகராட்சியிலே வென்றது. உள்ளாட்சி நமக்குச் சின்ன வேலையன்று. நம் முதற் பள்ளிக்கூடம்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சியன்று. ஒரு கரும்பலகை, ஒரு சுண்ணக்கட்டி, ஞாயிறு மாலையிலே ஒரு மணி நேரம். படிப்பகத்தின் வாசலிலே, இல்லையேல் தேநீர்க் கடைச் சுவரிலே, நான்கு வரி எழுதுங்கள். இந்த மாதம் மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்கள் எவை? எந்தத் தெருவுக்கு எந்த வேலை, எவ்வளவு தொகை? வரி கட்டக் கடைசி நாள் எது? எந்தக் குறைக்கு எந்த அலுவலகம்? அவ்வளவே. எழுதியதை உரக்கப் படியுங்கள். விளக்கிக் கேட்பவர்க்கு விளக்குங்கள். விளங்காததை, "கேட்டு வந்து அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று நாணாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

விவரம் தர மறுக்கிறார்களா? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க் கட்டணம். ஒரு தாளிலே கேள்வி. முப்பது நாளிலே விடை தரவேண்டும். அந்த மனுவை நீங்களே எழுதிக் கொடுத்துப் பெயர் வாங்காதீர்கள். பீடித்தட்டோடு வந்தாளே அந்த அக்கா, அவளை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிடில் அவள் சொல்ல, அவள் மகள் எழுதட்டும். மனுவின் கீழே அவள் பெயர் இருக்கட்டும். உறுப்பினர் பெண்ணாயிருந்தால் பலகையருகே அவரே வந்து நிற்கட்டும். அவருடைய கணவர் கேட்போர் வரிசையிலே அமரட்டும். பெயர்ப் பலகையிலே மனைவி, நாற்காலியிலே கணவர் என்னும் கேலிக்கூத்தைப் பெரியார் பெயர் சொல்வோர் பொறுப்பதா?

இதனால் நமக்கு இடையூறு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலகையிலே எழுதத் தொடங்கினால், நம் கட்சி உறுப்பினர் வாக்களித்த தீர்மானமும் அதிலே வரும். நம் தோழர் எடுத்த ஒப்பந்தத்தின் தொகையும் வரும். சாலை மூன்று மாதத்திலே பெயர்ந்தால், தொகையைப் படித்தவன் நம்மையே கேட்பான். கேட்கட்டும்! எதிர்க்கட்சிக்காரன் வந்து படித்தால் இடம் விட்டு ஒதுங்கி நில்லுங்கள்; பலகை ஊருக்குப் பொது. கேள்விக்கு அஞ்சுபவன் இந்தப் பணிக்கு வரவேண்டாம். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்ததால் வளர்ந்த இயக்கம், கேள்விக்கு விடைசொல்ல மறுப்பதால்தான் தேயும், வேறெதனாலும் தேயாது.

மீண்டும் அந்தப் பூந்தோட்டத்திற்கு வருகிறேன். கதிரவன் செல்லும் திசையெல்லாம் சூரியகாந்தி திரும்பும் என்று சொல்வார்கள். உழவர்களைக் கேளுங்கள், முழு உண்மையைச் சொல்வார்கள். வளரும் இளஞ்செடிதான் அப்படித் திரும்பும். பூ மலர்ந்து முற்றிவிட்டால், கிழக்கே பார்த்தபடி அசையாமல் நின்றுவிடும். கட்சிகளுக்கும் அந்த முதுமை வருவதுண்டு. இளமையிலே மக்கள் இருக்கும் பக்கமெல்லாம் திரும்பிய கட்சி, முற்றியபின் ஒரே திசையைப் பார்த்து நின்றுவிடும். அந்தத் திசை பெரும்பாலும் கோட்டை இருக்கும் திசை.

நாம் முற்றிவிட்டோமா, இன்னும் வளர்கிறோமா என்பதற்குச் சான்று சென்னையிலே கிடைக்காது. சுந்தரபாண்டியபுரத்துத் தெருமுனையிலே, ஒரு கரும்பலகையிலே கிடைக்கும். சுண்ணக்கட்டியை எடு, தோழா!